சிறு தண்டமும் வழக்காடும் அறமும்

அறவியலை ஆராயும் நூல்கள் பெரும்பாலும் பெருநிகழ்ச்சிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. நஞ்சுக் கிண்ணத்தை ஏற்ற சோக்கிரட்டீஸ், கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலிலிட்ட மன்னன், அரசவையிற் சிலம்பை உடைத்த கண்ணகி ஆகியோரைச் சுற்றியே நீதி பற்றிய விசாரணைகள் பல எழுந்துள்ளன. ஆயின் மாந்தருட் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் இத்தகைய தருணம் ஒன்றையேனும் சந்திப்பதில்லை. அவர்கள் சட்டத்தை நேருக்கு நேர் காணும் இடம் பெரும்பாலும் வீதியோரமேயாகும். அங்கு அது ஒரு துண்டுக் கடதாசியாக அவர்தம் கையில் வைக்கப்படுகின்றது. அதனைப் பணம் கட்டித் தீர்ப்பதா, மன்றிலே நின்று மறுப்பதா என்னும் வினா அற்பமானதெனத் தோன்றலாம். எனினும் அவ்வினாவுக்குள் உண்மை, மானம், பொதுநலம் ஆகிய மூன்றும் ஒருங்கே அடங்கியுள்ளன என்பது சிந்திக்கற்பாலது.

தெளிவின் பொருட்டு ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர், விடியற்பொழுதில் மோட்டார் சைக்கிளின் பின்னே மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, தாம்போதியைக் கடந்து பெருநிலத்திலுள்ள முருங்கன் நோக்கிச் செல்கிறார். மன்னார் வீதிகளிற் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளை அறியாதவர் அப்பகுதியில் இலர். முற்காலத்து அரபு வணிகரோடு வந்திறங்கியவற்றின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படும் அவ்விலங்குகள், இரவும் பகலும் வீதியையே தம் தங்குமிடமாகக் கொண்டுள்ளன. அவற்றுள் ஒன்று திடீரெனக் குறுக்கிடுகின்றது. வியாபாரி வண்டியை வலப்புறம் ஒடித்து, வீதியின் நடுவே இடப்பட்ட தொடர்கோட்டைக் கடந்து, விலங்கையும் தம்மையும் காப்பாற்றிக்கொள்கிறார். சற்று அப்பால் நின்ற பொலிஸ் உத்தியோகத்தர், வண்டி கோட்டைக் கடந்ததைக் கண்டார்; கழுதையைக் கண்டிலர். அவர் தம் கடமைப்படி தண்டச் சீட்டை எழுதுகிறார். இங்கு இருவருள் எவரும் பொய்யரல்லர். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை என்பது மட்டுமே அவர்களுக்கிடையிலுள்ள வேறுபாடு.

இந்நிலையில் இலங்கைச் சட்டம் இரு வழிகளைத் திறந்து வைத்துள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் வகுத்துள்ளவாறு, சிறு வீதிக் குற்றங்களுக்கு உடன் தண்டப்பணம் விதிக்கப்படலாம். சாரதி அனுமதிப்பத்திரம் பொலிசார் வசமாகும். அதற்கீடாகத் தற்காலிக அனுமதி கிடைக்கும். 14 நாள்களுக்குள் தபாலகத்திற் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால், பத்திரம் மீளக் கையளிக்கப்படும்; விடயமும் அத்துடன் முடிந்துவிடும். அத்தவணை தப்பினாற் தொகை இரட்டிக்கும். அதன் பின்னரும் செலுத்தாதவர் நீதவான் நீதிமன்றத்தின் முன் நிற்றல் வேண்டும். 2025ஆம் ஆண்டு முதல் இத்தண்டத்தை இணையவழியாகச் செலுத்தும் வசதியும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. மறுக்க விரும்புபவரது பாதை வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, மன்றிலே குற்றச்சாட்டு அவருக்கு வாசிக்கப்படும். குற்றவாளியா, சுற்றவாளியா என அவர் வினவப்படுவார். சுற்றவாளி என்று கூறின் விளக்கத்திற்கு வேறொரு தவணை குறிக்கப்படும். நியாயமான ஐயத்திற்கு அப்பால் குற்றத்தை எண்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநரையே சாரும்.

வியாபாரியின் கணக்கு இங்குதான் தொடங்குகின்றது. தண்டம் ஆயிரம் ரூபா என்று கொள்வோமாயின், அதைக் கட்டுதற்குச் சில நிமிடங்கள் போதும். மறுப்பதாயின் ஒரு நாள் அன்று, இரண்டோ மூன்றோ நாள்கள் கழியும். அந்நாள்களில் மீன் பிறர் கையாற் போகும், அல்லது பழுதாகும். சட்டத்தரணியை அமர்த்தினால் அவருக்குரிய கட்டணம் தண்டத்தையே விஞ்சிவிடும். தோற்பின் மன்று விதிக்கும் தண்டம் முன்னையதிலும் மிகலாம். வென்றாலோ, இழந்த நாள்களுக்கு ஈடு கிடையாது. ஆகவே வரவு செலவு மட்டுமே பார்ப்பவர்க்கு விடை வெளிப்படை: கட்டிவிட்டுப் போதலே அறிவுடைமை. வினா அறத்தின்பாற்பட்டதாவது, இக்கணக்கு முடிந்த பின்னரும் அவர் நெஞ்சு அமைதியுறாதபோதேயாகும்.

இப்பொருள் குறித்து இரு சாராரின் கருத்துகளை முதலில் நோக்குதல் தகும். ஒரு சாரார், சிறு தண்டத்தை எதிர்த்து வழக்காடுதல் வீண் பிடிவாதம் என்பர். சமுதாயத்தில் வாழ்பவன் சிறு பிழைகளின் சுமையைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும், உத்தியோகத்தரும் மனிதரே, ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட்டையும் மறுப்பாராயின், கொலையையும் களவையும் விசாரிக்க வேண்டிய மன்றுகள் வெள்ளைக்கோட்டு வழக்குகளில் மூழ்கிவிடும் என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை.

மற்றொரு சாரார், தொகையின் சிறுமை நீதியின் சிறுமையாகாது என்பர். இங்கிலாந்தில் முதலாம் சாள்ஸ் மன்னன் பாராளுமன்றத்தின் இசைவின்றி அறவிட்ட கப்பல்வரியில், ஜோன் ஹம்டன் என்பாரது வழக்கு 20 சிலிங் பற்றியது. செல்வரான அவர்க்கு அது ஒரு பொருட்டன்று. எனினும் அதனைச் செலுத்த மறுத்து 1637ஆம் ஆண்டில் அவர் வழக்காடினார். பன்னிரு நீதிபதிகளுள் எழுவர் மன்னன் பக்கமும் ஐவர் அவர் பக்கமும் நின்றனர். ஹம்டன் தோற்றார். ஆயினும் அத்தோல்வி நாடெங்கும் பேசப்பட்டது. 1641இற் பாராளுமன்றம் அவ்வரியைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. இருபது சிலிங்கை அவர் அமைதியாகக் கட்டியிருப்பின், கேள்வியே எழுந்திராது. இவ்வாதத்திலும் உண்மை உண்டு. ஆயின் ஹம்டன் மறுத்தது மன்னனது அதிகாரத்தை. பேசாலை வியாபாரி வீதிச் சட்டத்தை மறுக்கவில்லை; அச்சட்டம் தம் செயலுக்குப் பொருந்துமா என்றே கேட்கிறார். ஒவ்வொரு தண்டச் சீட்டையும் கப்பல்வரியாகக் கருதிக்கொள்பவர், வழக்காடும் உரிமையைத் தன்முனைப்பின் கருவியாக மாற்றிவிடக்கூடும்.

இவ்விரு கருத்துகளும் ஒரு பொதுக்குறையை உடையன. இரண்டும், செயல் உண்மையில் நிகழ்ந்தவாறு எது என்னும் முதல் வினாவைத் தாண்டிச் செல்கின்றன. ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற், ஒருவன் தான் பின்பற்றும் விதி எல்லார்க்கும் விதியாவதை விரும்ப முடியுமா எனத் தன்னையே வினவுதல் வேண்டும் என்றார். குற்றமற்றவர் அனைவரும் வசதி கருதிப் பணத்தைக் கட்டிவிடல் என்பது பொதுவிதியாயின், தண்டம் என்பது தண்டமாக நில்லாது வீதியிற் செல்வோர்க்கு விதிக்கப்படும் சுங்கமாக மாறிவிடும். குற்றம் புரிந்தோர் அனைவரும் தப்பக்கூடும் என்று கருதி மறுத்தல் பொதுவிதியாயின், சுற்றவாளி என்னும் சொல்லே பொருளிழந்துபோகும். ஆகவே, செய்தவர் செய்தேன் எனலும், செய்யாதவர் செய்திலேன் எனலுமே எல்லார்க்கும் பொருந்தக்கூடிய விதியாகும்.

செய்தேன் எனச் சொல்லுதலின் மேன்மைக்கு மன்னார்க் கரையோடு தொடர்புடைய பழங்கதை ஒன்று சான்றாகும். மாதோட்டத் துறைமுகம் அநுராதபுரத்தின் கடல்வாயிலாக விளங்கியது. அந்நகரைத் தழுவிவரும் மல்வத்து ஓயாவே அருவியாறு என்னும் பெயருடன் அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசோச்சிய தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி, அவனுக்கு மாற்றாரின் வரலாற்றைப் போற்றும் மகாவம்சமே இரு வீதி நிகழ்ச்சிகளைக் கூறுகின்றது. முதலாவது யாவரும் அறிந்தது. மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, முறை வேண்டுவோர் இழுக்குமாறு நீண்ட கயிற்றையும் அமைத்திருந்தான். அவன் மகனது தேரில் அகப்பட்டுக் கன்று இறக்கவே தாய்ப்பசு வந்து அம்மணியை அசைத்தது. மகனும் அதே தேர்ச்சக்கரத்தால் உயிரிழந்தான். இரண்டாவது நிகழ்ச்சி அதிகம் பேசப்படாதது. சேத்திய மலைக்கு மன்னன் தேரிற் சென்றபோது நுகத்தின் முனை பட்டுத் தூபி ஒன்று சேதமுற்றது. அவன் அதனை எண்ணிச் செய்யவில்லை. எனினும் அமைச்சர் சுட்டிக்காட்டியவுடன் தேரினின்று குதித்து, வீதியிலே வீழ்ந்து, தன் தலையையும் சக்கரத்தாற் கொய்யுமாறு வேண்டினான். பிறர்க்கு ஊறு செய்வதைத் தம் ஆசான் ஏற்பதில்லை என்றும், தூபியைத் திருத்தியமைத்தலே தக்கது என்றும் அவர்கள் விடையிறுத்தனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீளப் பதித்தற்கு அவன் செலவிட்ட பொன் பதினையாயிரம் கஹாபணம்.

இந்நிகழ்ச்சியில் நோக்கத்தக்கன இரண்டு. மன்னன் தன் செயலை மறைக்கவோ, எண்ணமின்மையைக் காட்டித் தப்பவோ முயலவில்லை. அதே வேளையில் அவன் தனக்கே விதித்துக்கொண்ட மிகைத்தண்டத்தை அவையோர் ஏற்கவுமில்லை. செயலுக்கேற்ற அளவிற்கே ஈடு தீர்மானிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புதல் ஒருவனது கடமை. குற்றம் எது, எவ்வளவு என அளத்தல் அவையின் கடமை. எனவே குற்றம் உண்மையாயின், சீட்டில் திகதி பிழைத்தது, பெயரில் எழுத்து மாறியது என்பன போன்ற தொழினுட்பக் காரணங்களால் வெல்லக்கூடிய வழக்கையும் தொடராது விடுதலே சால்பாகும். 1917ஆம் ஆண்டிற் சம்பாரணில், மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு இட்ட ஆணையை மீறிய காந்தியடிகள் மன்றிலே தம் செயலை ஒப்புக்கொண்டார். ஆணையை ஏற்க மறுத்தவரே செயலை மறுக்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி, செய்யாதவரின் நிலைமையை ஆராயலாம். வியாபாரி கோட்டைக் கடந்தது உண்மை. அவர் மறுப்பது அச்செயலையன்று, அது குற்றம் என்பதையே. குற்றமனமின்றி, பெருந்தீங்கைத் தடுத்தற்பொருட்டுச் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்னும் கோட்பாடு இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்குப் புதியதன்று. அவ்வாறாயின் அவர் பணத்தைக் கட்டுதல் பொய்யாகுமா? சட்டநோக்கிற் கட்டுதல் ஒரு விடயத்தை முடித்துக்கொள்ளும் வழி. வாயாற் கூறும் ஒப்புதலன்று. ஆகவே அதைப் பொய் என்று கடிதல் மிகையாகும். எனினும் அது ஒரு மௌனம். சில இடங்களில் மௌனத்துக்கு வரலாறு உண்டு.

மன்னார்க் கரையில் அத்தகைய வரலாறு அண்மைக்காலத்தது. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் தீவினுள் நுழைதற்கும் வெளியேறுதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது; தள்ளாடியிற் சோதனைக்காக நிரையில் நின்ற தலைமுறையினர் இன்றும் வாழ்கின்றனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். அவ்வாணையை எதிர்த்து முறையிட அவர்களுக்கு எந்த மன்றும் இருக்கவில்லை. யார் கையில் ஆயுதம் இருந்ததோ அவர் சொல்லே முடிந்த முடிபாக இருந்த காலம் அது. அக்காலம் மக்களுக்குப் புகட்டிய பாடம் ஒன்றே: கேட்டதற்குச் சுருக்கமாக விடை கூறு, நீட்டியதை வாங்கிக்கொள், தலையைக் குனிந்து நட. உயிர் காத்த பாடமாதலின் அதனைப் பழித்தல் தகாது. ஆயின் உயிருக்கு ஊறு இல்லாத காலத்திலும் அப்பாடமே தொடர்ந்து ஒழுகப்படுமாயின், அச்சம் வழக்கமாகி, வழக்கம் பண்பாகி, அடுத்த தலைமுறைக்கும் கையளிக்கப்பட்டுவிடும்.

இப்பின்னணியில், சீருடை அணிந்தவர் கூறியதை அமைதியாக, மரியாதையோடு, 'ஐயா, நடந்தது இவ்வாறு' என ஒருவர் மன்றிலே மறுத்துரைத்தல் சிறு செயலன்று. அரசியலமைப்பின் ஏற்பாட்டின்படி மன்னார் நீதிமன்றத்தின் மொழி தமிழாக இருத்தலின், அவர் தம் வாய்மொழியிலேயே அதனை உரைக்க இயலும். அது அரசுக்கு எதிரான கலகமுமன்று. பிளேற்றோவின் கிரிட்டோ உரையாடலில், ஏதென்ஸ் நகரின் சட்டங்கள் குடிமகனுக்கு இரு வழிகளைக் காட்டுகின்றன: இணங்கச் செய்தல் ஒன்று; இல்லையேற் பணிதல். வழக்காடுதல் இவற்றுள் முதலாவது வழியாகும். தோற்பின் தண்டத்தைச் செலுத்துவதாக முன்கூட்டியே உடன்பட்டு மன்றேறுபவர், சட்டத்தை மதிப்பவருள் முதல்வராவர். பொலிஸ் உத்தியோகத்தர்க்கும் இதனால் இழுக்கில்லை. தாம் காணாதது ஒன்று உண்டு என அறிதல் கடமையைச் செம்மைப்படுத்துமேயன்றிக் குறைப்பதில்லை.

இவ்விரு நேர்வழிகளுக்கும் புறம்பாக மூன்றாவது வழி ஒன்றும் எந்நாட்டு வீதிகளிலும் பேசப்படுகின்றது. அது சீட்டு எழுதப்படுமுன்னரே கைக்குள் எதையேனும் வைத்துக் காரியத்தை முடித்தல். செலவிற் குறைந்தது என்பதனாற் பலர் அதனைச் சாமர்த்தியமாகக் கருதுவர். ஆயின் கட்டுபவர் திறைசேரிக்கு ஒரு பற்றுச்சீட்டையும், வழக்காடுபவர் மன்றுக்கு ஒரு பதிவையும் விட்டுச் செல்கின்றனர். மூன்றாம் வழியினரோ எதனையும் விட்டுச் செல்வதில்லை. குற்றமுடையவர் தப்புகிறார், குற்றமற்றவர் விலை கொடுக்கிறார், இரண்டும் வெளியே தெரிவதில்லை. மேலே கூறப்பட்ட அச்சத்தின் பாடத்தையே பணத்தால் எழுதும் முறை இது. வாங்குபவர்க்கும் கொடுப்பவர்க்கும் இதில் ஒத்த பங்குண்டு.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். மூன்று நாள் உழைப்பை இழக்க இயலாத ஏழை, குற்றமற்றவராயினும் பணத்தைக் கட்டிவிட்டுப் போவாராயின் அவரைக் கோழை என்பதா? என்பது தகாது. பிள்ளைகளின் உணவுக்காகத் தம் மறுப்பை அடக்கிக்கொள்பவர் அறத்தினின்று வழுவியவரல்லர். இரு கடமைகளுள் அண்மையிலுள்ளதைத் தேர்ந்தவரேயாவர். அங்கு வெட்கப்பட வேண்டியது மணியும் கயிறுமே. எல்லாளனது மணியின் சிறப்பு அதன் ஒலியில் இல்லை, பசுவின் வாய்க்கும் எட்டுமாறு அமைந்த கயிற்றின் நீளத்தில் உள்ளது. பணம் கட்டுதற்கு ஒரு விரலசைவு போதுமெனவும், மறுத்தற்குப் பல பகல்கள் வேண்டுமெனவும் ஒரு முறைமை அமையுமாயின், அது உண்மையை விசாரியாமலே ஒரு பக்கத்துக்குச் சார்பாகிவிடுகின்றது. கட்டுதல் எளிதாக்கப்பட்டது நன்றே. மறுத்தலும் அதே அளவுக்கு எளிதாக்கப்படும் நாளிலேதான் தராசு சமன் கொள்ளும்.

அதுவரை, அப்பகல்களை இழக்கக்கூடியவர் மீது ஒரு சிறப்புக் கடமை சார்கின்றது. சம்பளத்தோடு விடுமுறை பெறக்கூடிய ஆசிரியர், உத்தியோகத்தர், சட்டம் கற்ற மாணவர் முதலியோர், தாம் குற்றமற்றவர் என உறுதியாக அறிந்தவிடத்து, 'ஆயிரம் ரூபாதானே' என்று விட்டுவிடுதல் எளியோரது மௌனத்தை மேலும் ஆழமாக்கும். அவர்கள் மன்றேறுவது தம் ஆயிரத்தை மீட்பதற்கன்று; மன்றேறும் பாதை புல் மூடிப்போகாமற் காப்பதற்கேயாகும்.

இறுதியாக மீன் வியாபாரியிடம் திரும்பலாம். அவர் எதைச் செய்தல் வேண்டும்? பதினான்கு நாள்கள் அவருக்குத் தவணையாக உள்ளன. சட்டம் அத்தவணையைப் பணம் தேடுதற்காகத் தந்தது; அறநோக்கிலோ அது தம்மைத் தாமே விசாரித்தற்குரிய காலமாகும். கழுதை குறுக்கிட்டது உண்மையே. ஆயின் அவர் அன்று எவ்வளவு விரைவாகச் சென்றார்? முருங்கனிற் சந்தை கூடுமுன் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கவில்லையா? சற்று மெல்லச் சென்றிருப்பின், கோட்டைக் கடவாமலே வண்டியை நிறுத்தியிருக்க முடியாதா? இவ்வினாக்களைப் பொலிஸ் உத்தியோகத்தர் கேட்கப் போவதில்லை. நீதவானும் கேளாது விடலாம். பசு மணியை அசைத்தது கதையில். மன்னார்க் கழுதை சாட்சிக்கூண்டில் ஏறப்போவதில்லை. அவ்விடியற்பொழுதிற்கு அவர் ஒருவரே சாட்சி.

தம் வேகமே காரணம் என்று அவர் நெஞ்சு கூறுமாயின், தபாலகத்தை நோக்கி நடத்தலே தக்கது. அங்ஙனம் கட்டும் ஆயிரம் தோல்வியன்று. எல்லாளன் பதித்த கற்களைப் போன்று, பெயர்த்ததை மீள வைத்தலேயாகும். மெல்லவே சென்றேன், வேறு வழி இருக்கவில்லை என்று அதே நெஞ்சு கூறுமாயின், வீட்டுச் செலவு இடம் தருமிடத்து, மீன்பெட்டியை ஒரு நாள் இறக்கி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை அணிந்து மன்னார் பேருந்தில் ஏறுதலே தக்கது. வழக்கில் வெற்றி கிட்டுமா என்பதை எவரும் உறுதிகூற இயலாது. குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபின் அவர் கூறும் ஒற்றைச் சொல் உண்மையாயிருக்குமா என்பது ஒன்றே அவர் கையில் உள்ளது. சிறு தண்டத்தை எதிர்த்து வழக்காடும் அறம் அவ்வொரு சொல்லின் உண்மையிலேயே தங்கியுள்ளது எனத் துணியலாம்.